காணிக்கைக்கு என்ன பாட்டு

ஒரு நற்செய்தி வாசகத்தின் மேல் கண்ணாடியக்காவுக்குக் கோபம் வந்தது அதுதான் முதல் தடவை.

திங்கட்கிழமை காலை கடையைத் திறந்து, மூக்குக்கண்ணாடிச் சட்டங்கள் அடுக்கிய அலமாரியைத் துடைத்துவிட்டு, முதல் ஆள் படியேறி வருவதற்குள் அடுத்த ஞாயிறு பூசைக்கான வாசகத்தைக் கைபேசியில் எடுத்துப் படித்துவிடுவது அவள் வழக்கம். வாரம் பூராவும் அது மனசில் ஊறினால்தான் வெள்ளிக்கிழமைப் பயிற்சிக்கு நாலு பாட்டு உருப்படியாகத் தேறும். வருகைக்கு ஒன்று, காணிக்கைக்கு ஒன்று, நற்கருணைக்கு ஒன்று, முடிவுக்கு ஒன்று. நாலும் வாசகத்தோடு ஒட்ட வேண்டும். புயல் அடங்குகிற வாசகம் என்றால் வருகைப் பாட்டிலேயே ஜனங்கள் படகில் ஏறி உட்கார்ந்திருக்க வேண்டும் என்பாள். அவளுக்கு முன்னால் பாடற்குழுவை நடத்தியவர்கள், எல்லோருக்கும் தெரிந்த பாட்டு எது, தொண்டைக்கு இதமானது எது என்று பார்த்துப் பொறுக்கிக்கொண்டிருந்தார்கள். அவள் வந்த பிறகுதான் கோயிலில் பாட்டுக்கும் வாசகத்துக்கும் பேச்சுவார்த்தை ஏற்பட்டது. இந்த வேலையில் அவளை அடித்துக்கொள்ள ஆளில்லை என்று பங்குத்தந்தையே மேடையில் சொல்லியிருக்கிறார்.

கடையில் அவளுக்கு வேலை கண் பரிசோதிப்பது. இருட்டு அறையில், கனமான சோதனைச் சட்டத்தை வருகிறவர் மூக்கில் மாட்டி, வில்லைகளை மாற்றி மாற்றிச் செருகி, "ஒண்ணு தெளிவா, ரெண்டு தெளிவா?" என்று கேட்டுக்கொண்டே இருப்பாள். அதனால் கோயிலில் சின்னவர் பெரியவர் எல்லோருக்கும் அவள் கண்ணாடியக்கா.

அந்தத் திங்கட்கிழமை வாசகம் இயேசுவின் மலைப்பொழிவிலிருந்து. நீளமானது. பாதியில் ஓரிடத்தில் அவள் விரல் நின்றுவிட்டது. நீ காணிக்கையோடு பீடத்துக்கு வரும்போது உன் சகோதரனுக்கு உன்மேல் மனத்தாங்கல் உண்டு என்று நினைவு வந்தால், காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டுப் போ. முதலில் அவனோடு சமாதானமாகு. அப்புறம் வந்து செலுத்து.

மூன்று வருடத்துக்கு ஒருமுறை சுற்றி வரும் வாசகம்தான். போன சுற்றில், உள்ளங்கை நிறையக் கொண்டு வந்தோம் என்கிற மாதிரி ஒரு பாட்டைக் கண்ணை மூடிக்கொண்டு போட்டாள். அப்போது அப்பா உயிரோடிருந்தார். தம்பியும் அவளும் பேசிக்கொண்டிருந்தார்கள்.

இப்போது பேசி ஒன்றரை வருடம் ஆகிறது. அவன்தான் கோயிலில் கீபோர்டு வாசிப்பவன். பாடற்குழுவின் முன்னால் அவள் நிற்கிற இடத்திலிருந்து அவன் உட்கார்ந்திருக்கும் இடம் நாலு எட்டு. கோயில் முழுக்க இது தெரியும். அந்த வாசகத்தைப் படித்து முடித்த கையோடு காணிக்கைப் பையை எடுத்து வருவார்கள். அவள் ஏதாவது ஒரு பாட்டை எடுத்துக் கொடுக்க வேண்டும். சமாதானப் பாட்டு போட்டால், ஓஹோ, தம்பிக்குத் தூது விடுகிறாள் என்று முந்நூறு கழுத்து திரும்பும். சம்பந்தமில்லாத பாட்டு போட்டால், பார்த்தாயா, மழுப்புகிறாள் என்று அதே முந்நூறு கழுத்து திரும்பும்.

வீட்டில் கணவனிடம் சொன்னாள். அவர் சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தார். தலையை நிமிர்த்தவில்லை.

"ஏதாவது ஒரு மாதா பாட்டைப் போடு. மாதாவுக்கு யாரோடயும் சண்டை இல்ல."

"காணிக்கைக்கு மாதா பாட்டா? வாசகத்துக்கும் அதுக்கும் என்னங்க சம்பந்தம்?"

"சம்பந்தம் இருக்கறதுதானே இப்ப உனக்குப் பிரச்சினை?" என்றபடி நூலைப் பல்லால் கடித்தார்.

செவ்வாய்க்கிழமை அவளுக்கு ஒரு வழி தட்டுப்பட்டது. அந்த நீள வாசகத்துக்குக் குறுகிய வடிவம் ஒன்று உண்டு. நேரம் இல்லாத இடங்களில் அதைப் படித்துக்கொள்ளலாம் என்று அனுமதி. எடுத்துப் பார்த்தாள். காணிக்கையும் சகோதரனும் வருகிற பகுதி அதில் சுத்தமாக இல்லை! யாரோ அவளுக்காகவே கத்தரித்து வைத்ததுபோல் இருந்தது. மதியச் சாப்பாட்டு நேரத்தில் பங்குத்தந்தைக்குப் போன் செய்தாள்.

"ஃபாதர், ஞாயித்துக்கிழமை வாசகம் ரொம்ப நீளம். குறுகின வடிவத்தைப் படிச்சிடலாமா? குழந்தைங்க நெளியும்."

"நெளியத்தான் செய்யுது. ஆனா வாசகத்துக்கு நெளியுதா, என் பிரசங்கத்துக்கு நெளியுதான்னுதான் இன்னும் பிடிபடல" என்றார் அவர். "சரிம்மா. குறுகினதே படிச்சிடறேன்."

போனை வைத்ததும் பாரம் இறங்கியதுபோல் இருந்தது. அரை மணி நேரத்தில் நாலு பாட்டையும் தேர்ந்தெடுத்தாள். ஒட்டியும் ஒட்டாமலும் நாலு. எழுதியதைத் திரும்பப் படிக்கவில்லை.

சண்டைக்குக் காரணமே ஒரு பாட்டுதான். அதை வெளி ஆட்களுக்கு விளக்கினால் சிரிப்பார்கள். கோயிலில் இரண்டு பாட்டுப் புத்தகங்கள் இருந்தன. பழையது சிவப்பு அட்டை, புதியது நீல அட்டை. நீலம் வந்தபோது எண்களையெல்லாம் மாற்றி, சில பழைய பாட்டுகளைத் தூக்கியும் விட்டார்கள். சிவப்பில் இருநூற்றுப் பன்னிரண்டு, அந்தி சாய்ந்தது, ஆண்டவரே கூட வாரும் என்று கேட்கும் பாட்டு. இறந்தவர்களை வழியனுப்பும்போது பாடுவது. அப்பாவுக்கு உயிர். நீலத்தில் இருநூற்றுப் பன்னிரண்டு அறுவடைப் பாட்டு. முதல் கதிரை அறுத்துக் கட்டி ஆடிக்கொண்டு வருகிற மெட்டு. மறைக்கல்விப் பிள்ளைகள் கைதட்டித்தான் பாடும்.

அப்பாவின் அடக்கப் பூசையில், பெட்டியை எடுக்கும்போது பாட வேண்டிய பாட்டின் எண்ணை ஒரு துண்டுத் தாளில் எழுதித் தம்பியிடம் நீட்டினாள். முதல் வரி எழுதவில்லை. அவன் வாசித்தான். துள்ளிக்கொண்டு வந்தது அறுவடை மெட்டு. பாடற்குழுவும் பழக்கதோஷத்தில் பிடித்துக்கொண்டது. ஒருத்தருக்காவது நிறுத்தத் தோன்றவில்லை. பின்வரிசையில் சித்தப்பா ஒருவர் தன்னையறியாமல் இரண்டு தட்டு தட்டிவிட்டு, கையை எங்கே ஒளிப்பது என்று தெரியாமல் விழித்தார். அப்பா முதல் கதிரோடு, மூன்று சரணமும் முழுசாக, வாசலைத் தாண்டினார்.

கல்லறைத் தோட்டத்து வாசலில் வைத்து, சொந்தம் சூழ நின்றிருந்த இடத்தில், அவள் தம்பியைப் பார்த்துக் கத்தினாள். "அப்பா பெட்டிக்கு முன்னாடி அறுவடைப் பாட்டு வாசிச்சிட்டியேடா! உன் மண்டையில மூளைதான் இருக்கா?"

"நீ குடுத்த நம்பரை வாசிச்சேன்" என்றான் அவன். "இஷ்டத்துக்கு வாசிக்காத, குடுக்கறதை வாசின்னு நீதானே போன மாசப் பயிற்சியில ஊர் கேக்கச் சொன்ன?"

அதோடு சரி. அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்து கைப்பையைக் கொட்டியபோது அப்பாவின் சிவப்புப் புத்தகம் விழுந்தது. அதைப் பார்த்துத்தான் எண்ணை எழுதியிருக்கிறாள். தப்பு அவளுடையது. அந்த நிமிஷமே தெரிந்துவிட்டது. ஆனால், சரி, என் எண் தப்பாகவே இருக்கட்டும், முதல் வரியிலேயே அவனுக்கு உறைத்திருக்க வேண்டாமா என்று ஒரு வாதத்தை எடுத்து அதன் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டாள். ஒன்றரை வருடமாக இறங்கவில்லை.

ஆனால் வேலை நிற்கவில்லை. பாட்டின் முதல் வரிகளை அவள் தம்பி மனைவியின் போனுக்கு அனுப்புவாள். தம்பி மனைவி அதைக் கணவனுக்குத் தள்ளிவிடுவாள். அவனிடமிருந்து பதில் கிடையாது. பதிலை ஞாயிற்றுக்கிழமை சுருதியில் சொல்வான். கண்ணாடியக்கா தனியாகப் பாட வேண்டிய சரணம் உள்ள பாட்டென்றால் அரைக் கட்டை ஏற்றி வைப்பான். உச்சிக்குப் போகும்போது அவள் கழுத்து நரம்பு புடைத்துக்கொள்ளும். அவன் முகத்தில் ஒன்றுமே இருக்காது, பூனைபோல் உட்கார்ந்திருப்பான். அவளும் விடமாட்டாள், உயிரைக் கொடுத்துப் பாடுவாள்.

புதன்கிழமை தம்பி மனைவி கடைக்கு வந்தாள். கண்ணாடி ஒரு பக்கமாகக் கோணியிருந்தது.

"படுத்துட்டேன் அண்ணி, அது மேலயே. அப்படியே கண்ணையும் பாத்துடுங்க. போன்ல நீங்க அனுப்பற வரியெல்லாம் எறும்பு மாதிரி தெரியுது."

இருட்டறையில் உட்காரவைத்து, சோதனைச் சட்டத்தை மாட்டினாள். வில்லையைச் செருகினாள்.

"ஒண்ணா, ரெண்டா?"

"ஒண்ணு. அண்ணி, ஒரு விஷயம். உங்ககிட்ட சொல்லலாமா வேணாமான்னு ரெண்டு நாளா மென்னுக்கிட்டிருக்கேன்."

"மென்னது போதும், துப்பு. இப்ப? மூணா, நாலா?"

"மூணு. இந்த ஞாயிறோட அவரு நிறுத்திக்கறாராம். ஃபாதர்கிட்ட சொல்லிட்டாரு. வேற ஆள் பாத்துக்கோங்கன்னுட்டாரு."

கண்ணாடியக்காவின் கையில் இருந்த வில்லை தட்டில் விழுந்து சுற்றியது.

"என்ன காரணமாம்?"

"லிஃப்ட் கம்பெனியில ஞாயிறும் கூப்பிடறாங்கன்னு ஃபாதர்கிட்ட சொல்லியிருக்காரு. அதெல்லாம் சும்மா. வீட்ல சொன்னது வேற." தம்பி மனைவி சட்டத்துக்குள்ளிருந்து எங்கோ பார்த்துப் பேசினாள். அந்த வில்லையில் அவளுக்கு எதிரில் நிற்பவரின் முகம் தெரியாது. அதனால்தானோ என்னவோ பேச்சு தடங்கலில்லாமல் வந்தது. "பேசாத அக்காவுக்கு எத்தனை நாள்தான் சுருதி புடிக்கறதுங்கறாரு. கை வலிக்குதாம்."

கண்ணாடியக்கா அடுத்த வில்லையைத் தேடினாள். கைக்குக் கிடைக்கவில்லை. அவன் கீபோர்டை மூடிவிட்டுப் போய்விட்டால் என்ன மிஞ்சும்? அவன் வீடு பக்கத்துத் தெருதான். ஆனாலும் வாசலில் போய் நிற்க ஒரு சாக்கும் இருக்காது. சண்டை போடக்கூட ஓர் இடம் இருக்காது. அந்த நாலு எட்டுத் தூரம்தான் ஒன்றரை வருடமாக அவர்களை அக்கா தம்பியாக வைத்திருக்கிறது என்று அந்த இருட்டறையில் அவளுக்குப் புரிந்தது.

"நான் ஒரு நல்ல பாட்டா பாக்கறேன்" என்றாள் கடைசியில். "கேட்டா அவனுக்குப் புரியும். காணிக்கைக்கு அதைப் போட்டுடறேன்."

தம்பி மனைவி சோதனைச் சட்டத்தைத் தானே கழற்றிக் கையில் வைத்துக்கொண்டாள்.

"அண்ணி, கோவிச்சிக்காதீங்க. இந்த ஞாயிறு வாசகத்தை நானும் படிச்சேன். அதுல 'பாட்டு அனுப்பு'ன்னு எங்க இருக்கு? 'போ'ன்னுதானே இருக்கு?"

"அது குறுகின வடிவத்துல இல்ல" என்றாள் கண்ணாடியக்கா. சொன்ன பிறகு அது அவள் காதிலேயே அபத்தமாக விழுந்தது.

வெள்ளிக்கிழமைப் பயிற்சிக்கு இருபது பேர் வந்திருந்தார்கள். முன்வரிசையில், ஓய்வுபெற்ற டீச்சரம்மா, குரல் போனாலும் குற்றம் கண்டுபிடிக்கும் திறமை போகாதவர், நீலப் புத்தகத்தை மடியில் விரித்து எண்ணைக் குறித்துக்கொண்டிருந்தார். வருகைப் பாட்டைப் பார்த்தார்கள். நற்கருணைப் பாட்டைப் பார்த்தார்கள். தம்பி வழக்கம்போல் அரைக் கட்டை ஏற்றினான். அவள் வழக்கம்போல் விட்டுக்கொடுக்காமல் பாடி இருமினாள்.

"காணிக்கைக்கு?" என்றார் டீச்சரம்மா, பென்சிலைத் தயாராகப் பிடித்துக்கொண்டு.

கண்ணாடியக்கா கையில் இருந்த தாளைப் பார்த்தாள். செவ்வாய்க்கிழமை எழுதிய பாட்டை அடித்து, அதற்குக் கீழே எழுதியதையும் அடித்து, அதற்கும் கீழே எழுதியதை இரண்டு தடவை அடித்திருந்தாள்.

"அதை ஞாயித்துக்கிழமை சொல்றேன்."

பயிற்சி அறையில் சலசலப்பு எழுந்தது. அப்படி ஒரு பதில் அவள் வாயிலிருந்து வந்ததே இல்லை.

"ஞாயித்துக்கிழமை சொல்லி, அன்னிக்கே பாடறதா? நாங்க என்ன ரேடியோவா, திருப்பின உடனே பாட?" என்றார் டீச்சரம்மா.

"தெரிஞ்ச பாட்டாதான் இருக்கும் டீச்சர்."

தம்பி கீபோர்டின் மேல் துணியைப் போர்த்திக்கொண்டிருந்தான். அவள் ஓரக்கண்ணால் பார்த்தாள். அவன் கை ஒரு கணம் நின்றது. அப்புறம் துணியின் ஓரத்தை இழுத்துச் சரிசெய்துவிட்டு யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் போய்விட்டான்.

சனிக்கிழமை அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. கடையில் ஒருவருக்கு இடது கண் அளவை வலது கண்ணுக்கு எழுதி, நல்லவேளையாக அவர் வாசலைத் தாண்டுவதற்குள் கூப்பிட்டுத் திருத்தினாள். மத்தியானம், தலைவலி என்று சொல்லிவிட்டுக் கிளம்பினாள். தம்பி அன்று எங்கே வேலை செய்கிறான் என்று அவன் மனைவியிடம் கேட்டுத் தெரிந்துகொண்டாள். 'சொல்லிட்டேன்னு சொல்லிடாதீங்க அண்ணி' என்ற வேண்டுகோளோடு கட்டிடத்தின் விலாசம் வந்தது.

எட்டு மாடிக் கட்டிடம். தரைத்தளத்தில் லிஃப்ட் கதவைத் திறந்து போட்டு, குறுக்கே மஞ்சள் நாடா கட்டியிருந்தார்கள். பழுது பார்க்கும் வேலை நடக்கிறது என்ற பலகை ஒரு நாற்காலியில் சாய்ந்திருந்தது. அருகில் தம்பியின் செருப்பும் கருவிப் பையும் கிடந்தன. நாடாவுக்கு இப்பால் நின்று அண்ணாந்து பார்த்தாள். எண்ணெய் வாடை. கம்பி வடங்கள் இருட்டுக்குள் ஏறிப் போயின. மேலே எங்கோ ஒரு கைவிளக்கின் வெளிச்சம் சுவரில் அசைந்தது. இரும்பை இரும்பால் தட்டும் சத்தம். அதற்கு நடுவே அவன் முனகுவது கேட்டது. பாடவில்லை, முனகல்தான். ஆனால் அந்தக் கூண்டின் உயரம் முழுக்க அது இறங்கி வந்தது. அந்தி சாய்ந்தது, கூட வாரும். சிவப்புப் புத்தகத்தின் இருநூற்றுப் பன்னிரண்டு.

கூப்பிட வாயைத் திறந்தாள். 'உயரத்தில் நிற்பவனைத் திடீரென்று கூப்பிட்டால் பதறிவிடுவான்' என்று ஒரு நல்ல காரணம் ஓடி வந்து கையைப் பிடித்தது. நல்ல காரணங்கள் அவளுக்கு எப்போதும் சரியான நேரத்தில் கிடைத்துவிடும். முனகல் நிற்கும் வரைக்கும் நின்றாள். செருப்பு ஒன்று கவிழ்ந்து கிடந்தது. அதைக் காலால் நிமிர்த்தி, இரண்டையும் ஜோடியாக வைத்துவிட்டுத் திரும்பினாள்.

தெருவுக்கு வந்ததும் தன்மேலேயே ஆத்திரமாக வந்தது. பேருந்து நிறுத்தத்தில் நின்றுகொண்டு பங்குத்தந்தைக்குப் போன் செய்தாள்.

"ஃபாதர், நாளைக்கு வாசகத்தை முழுசாவே படிச்சிடுங்க."

"ஏன்ம்மா? குழந்தைங்க நெளியும்னியே?"

"நெளியட்டும் ஃபாதர். பெரியவங்களும் கொஞ்சம் நெளியட்டும்."

"அப்ப காணிக்கைக்கு என்ன பாட்டு?" என்றார்.

"தெரியல" என்றாள். தேர்ந்தெடுக்கத் தெரியவில்லை என்று அவள் ஒப்புக்கொண்டதைக் கேட்ட முதல் ஆள் அவர்தான்.

ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குள் நுழைந்தவர்கள் எண் பலகையைப் பார்த்துவிட்டு இன்னொரு தடவை பார்த்தார்கள். நாலு வரிசையில் இரண்டாவது காலியாக இருந்தது. எண் அட்டை விழுந்துவிட்டதோ என்று ஒருவர் பீடத்தடியில் குனிந்து தேடினார்.

பங்குத்தந்தை முழு வாசகத்தையும் படித்தார். அந்த இடம் வந்தபோது அவர் குரலை ஏற்றவும் இல்லை, இறக்கவும் இல்லை. கண்ணாடியக்கா நேராகப் பார்த்துக்கொண்டு நின்றாள். முதுகில் வெயில் அடிப்பதுபோல் சபையின் பார்வை உறைத்தது. பிரசங்கத்தில் அவர் ஆம் என்றால் ஆம், இல்லை என்றால் இல்லை என்ற பகுதியைப் பிடித்துக்கொண்டு, காணிக்கையின் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. அவளுக்கு அவர்மேல் கொஞ்சம் நன்றி, கொஞ்சம் எரிச்சல்.

விசுவாச அறிக்கை முடிந்தது. மன்றாட்டுகள் முடிந்தன. எல்லோரும் உட்கார்ந்தார்கள். காணிக்கைப் பைகள் முன்வரிசையிலிருந்து கிளம்பின. அப்பமும் திராட்சை இரசமும் ஏந்திய குடும்பம் கதவருகே தயாராக நின்றது. பாட்டு எழவில்லை.

டீச்சரம்மா புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு அவள் முகத்தையே பார்த்தார். தம்பி விரல்களைக் கட்டைகளின் மேல் வைத்தபடி எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான். சில்லறை விழும் சத்தம் மட்டும் கேட்டது. யாரோ ஒரு குழந்தை, "ஏன்மா பாடல?" என்றது.

கண்ணாடியக்கா கையில் இருந்த தாளை மடித்துப் புத்தகத்துக்குள் வைத்தாள். புத்தகத்தைத் தன் இருக்கையில் வைத்தாள். நாலு எட்டு நடந்து கீபோர்டுக்குப் பக்கத்தில் போய் நின்றாள். கோயிலின் நீளம் முழுக்க நடந்ததுபோல் மூச்சு வாங்கியது.

"என்ன?" என்றான் அவன், உதடு அசையாமல்.

"அன்னிக்கு நம்பர் தப்பு. என் தப்பு."

"தெரியும்."

"எப்பத்திலேர்ந்து?"

"அன்னிக்கே. உன் கையில அப்பாவோட சிவப்புப் புத்தகம் இருந்துச்சு. பாத்தேன்."

"பாத்துட்டுமாடா வாசிச்ச?"

"ஆரம்பிச்ச அப்புறம்தான் பாத்தேன்." அவன் குனிந்துகொண்டான். "நிறுத்தியிருக்கலாம். நிறுத்தல. உன்மேல இருந்த கடுப்பு. குடுக்கறதை வாசின்னு சொன்னல்ல, இந்தா வாங்கிக்கோன்னு..." கொஞ்சம் கழித்து, "அப்பா பாவம்" என்றான்.

காணிக்கைப் பை மூன்றாவது வரிசையைத் தாண்டியது.

"எல்லாரும் பாக்கறாங்கக்கா."

"பாக்கட்டும். காணிக்கையை வெச்சிட்டுப் போன்னுதானே இப்ப படிச்சாங்க."

"போன்னா எங்கயாவது போகணும். நீ நாலு எட்டு வந்திருக்க."

"நேத்து உன் லிஃப்ட் வரைக்கும் வந்தேன்டா. கூப்பிட வாய் வரல."

அவன் முதன்முறையாக அவளை நிமிர்ந்து பார்த்தான். "செருப்பை நேரா வெச்சது நீதானா? நான் யாரோ திருட வந்து மனசு மாறிட்டான்னு நினைச்சேன்." அவன் மூக்கு விடைத்தது. சிரிப்பை அடக்கும்போது அவனுக்குச் சின்ன வயதிலிருந்தே அப்படி ஆகும். "சரி, என்ன பாட்டு? சொல்லித் தொலை. பங்கு பூரா காத்துக்கிட்டிருக்கு."

"நீ சொல்லு."

"என்னது?"

"நீ எதை வாசிக்கிறியோ அதைப் பாடறோம்."

"அப்புறம் வாசகத்தோட ஒட்டலன்னு குதிப்ப."

"குதிக்க மாட்டேன்."

அவன் ஒரு கணம் யோசித்தான். சுருதியை மாற்றும் பொத்தானை அழுத்தினான். ஏற்றவில்லை, ஒரு கட்டை கீழே இறக்கினான். முதல் இரண்டு சுரங்களிலேயே அவளுக்குத் தெரிந்துவிட்டது.

அந்தி சாய்ந்த பாட்டு. காணிக்கைக்கும் அதற்கும் காத தூரம். அன்றைய வாசகத்துக்கும் அதற்கும் எந்த ஒட்டும் இல்லை. அது நீலப் புத்தகத்திலேயே இல்லாததால் பாடற்குழு பக்கங்களைப் புரட்டித் திண்டாடியது. அவள் நின்ற இடத்திலேயே, தம்பியின் தோளுக்குப் பின்னால் நின்று எடுத்துக்கொடுத்தாள். முதல் வரியை அவர்கள் இருவரும் மட்டும்தான் பாடினார்கள். இரண்டாவது வரியில் பின்வரிசைப் பெரியவர்கள் சேர்ந்துகொண்டார்கள். சித்தப்பாவும் அவர்களில் ஒருவர். இந்தத் தடவை கைகளைக் கட்டிக்கொண்டு பாடினார். அப்பமும் இரசமும் மெல்ல நடந்து வந்தன. கடைசிச் சரணத்தில் அவளுக்குக் குரல் உடைந்தது. சுருதியைக் குற்றம் சொல்ல முடியாது. அது அவள் தொண்டைக்கு அளவெடுத்துத் தைத்ததுபோல் இருந்தது.

பூசை முடிந்ததும் டீச்சரம்மா படிக்கட்டில் பிடித்துக்கொண்டார்.

"சாவுப் பாட்டையா காணிக்கைக்கு வைப்பாங்க? நீயா இப்படி? வாசகத்துக்கும் அதுக்கும் ஏதாவது ஒட்டு உண்டா?"

"ஒட்டே இல்ல டீச்சர்."

"அப்ப ஏன் பாடின?"

"பாக்கி இருந்துச்சு" என்றாள் கண்ணாடியக்கா.

டீச்சரம்மா அவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, இவளுக்கே கண்ணைப் பரிசோதிக்க வேண்டும் என்று முணுமுணுத்துக்கொண்டே இறங்கினார்.

உள்ளே தம்பி கீபோர்டின் கம்பியைச் சுருட்டிக்கொண்டிருந்தான். அவன் மனைவி உறையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"மன்னிச்சிட்டேன்னு நினைச்சிக்காத" என்றான், கண்ணாடியக்காவைப் பார்க்காமல்.

"நினைக்கல. நானும் இன்னும் மன்னிக்கல, மூணு சரணம் வாசிச்சவனை."

"ஃபாதர்கிட்ட சொன்னது சொன்னதுதான்." கம்பியை இறுக்கிக் கட்டினான். கட்டியதை அவிழ்த்து மறுபடி கட்டினான். "ஆள் கிடைக்கற வரைக்கும் வேணா வரேன்."

"சரி."

"நம்பர் அனுப்பாத. எப்பவும்போல முதல் வரியே அனுப்பு. இவளுக்கு வேணாம், எனக்கே அனுப்பு."

"அப்பாடா" என்றாள் தம்பி மனைவி. "தபால்கார உத்தியோகம் இன்னியோட போச்சு. அண்ணி, என் புதுக் கண்ணாடியை ரத்து பண்ணிடலாமா?"

"அதெல்லாம் முடியாது, வில்லை அறுத்தாச்சு."

கண்ணாடியக்கா கைபேசியை எடுத்தாள். திங்கட்கிழமைவரை காத்திருக்கக் கை கேட்கவில்லை. அடுத்த ஞாயிறு வாசகத்தைத் திறந்தாள். அதே மலைப்பொழிவின் தொடர்ச்சி. படித்தாள். முகத்தைச் சுளித்தாள்.

"என்ன?" என்றான் தம்பி.

"அடுத்த வாரம், ஒரு கன்னத்தில அறைஞ்சா மறு கன்னத்தைக் காட்டுன்னு வருது. இதுக்கு என்னத்தைப் பாட்டு போட?"

அவன் கீபோர்டைத் தோளில் மாட்டிக்கொண்டு வாசலை நோக்கி நடந்தான். பாதி வழியில் நின்று திரும்பினான்.

"யார் கன்னம்னு முதல்ல முடிவு பண்ணு" என்றான். "அப்புறம் சுருதி பாத்துக்கலாம்."